விளைபொருள்களை வெளிநாடுகளுக்கு அனுப்புதல்: சரக்கு அனுப்பும் கம்பெனிகளின் தொழிலும், குடியானவர்கள் கவனிக்கவேண்டிய விஷயங்களும்

பயிரைச் செவ்வனே விளைவிப்பதில் நம் குடியானவர்களுக்குப் பரம்பரையாக வந்த தேர்ச்சி உண்டு. விளைந்த பொருளைக் கெடாமல் ஆயிரக்கணக்கான மைல் கடந்து, வாங்குவோரிடம் ஒப்புவித்து, அதற்குரிய பணத்தைத் தவறாமல் பெறுவதோ வேறொரு வித்தையாகும். வாழை, மா, சின்ன வெங்காயம், முருங்கை, மஞ்சள், தேங்காய் முதலிய நம் நாட்டுப் பொருள்களுக்கு அயல்நாடுகளில் நல்ல கிராக்கி இருந்துவருகிறது. ஆயினும் நேராக ஏற்றுமதி செய்ய முற்படும் விவசாயிகளிற் சிலர், சரக்கின் தரம் குறைந்ததனாலன்றி, ஒரு காகிதத்தில் நேர்ந்த பிழையினாலும், ஒரு நாள் தாமதத்தினாலும், கூலி விவரத்தை முன்னதாகக் கேட்டுக்கொள்ளாமையினாலும் பெருநஷ்டம் அடைய நேரிடுகிறது. ஆகவே, இவ்வியாபாரத்தில் நடுவே நின்று உதவும் சரக்கு அனுப்பும் கம்பெனிகளின் தொழில் இன்னதென்பதையும், அவர்களுடைய பொறுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

கம்பெனியாரின் தொழில்

சரக்கு அனுப்பும் கம்பெனிக்குச் சாதாரணமாகச் சொந்தக் கப்பலோ விமானமோ இராது. பொருளுக்குச் சொந்தக்காரருக்கும், கப்பல், விமானம், லாரி, ரயில் முதலியவற்றை நடத்துவோருக்கும் இடையே நின்று, எவ்வழியாக அனுப்பினால் செலவும் காலமும் குறையும் என்று ஆராய்ந்து, இடம் பிடித்து, வேண்டிய தஸ்தாவேஜுகளைத் தயாரித்து, சரக்கைத் தோட்டத்தின் வாயிலிலிருந்து அயல்நாட்டுக் கிடங்கு வரையில் சேர்ப்பிப்பதே அவர்கள் வேலை. சிலர் இதனுடன் கிடங்கு வசதி, மூட்டை கட்டுதல், இன்ஷூரன்ஸ் ஏற்பாடு ஆகியவற்றையும் செய்து தருகின்றனர்.

சுங்க இலாகாவில் நமக்குப் பதிலாக ஆஜராகி வேலை செய்பவர் சுங்கத் தரகர் எனப்படுவார். இவர் 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் கீழ், 2018-ஆம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். ஒரே கம்பெனியார் இவ்விரு வேலைகளையும் நடத்துவதும் உண்டு. லைசென்ஸ் உள்ள மற்றொருவரைக் கொண்டு சுங்க வேலையை முடிப்பதும் உண்டு. எவ்வாறாயினும் லைசென்ஸ் யார் பெயரில் உள்ளதென்று கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இத்தொழில் புதியதன்று. பல தேசங்களிலுள்ள சரக்கு அனுப்புவோர் சங்கங்கள் ஒன்றுகூடி 1926-ஆம் வருஷம் வியன்னா நகரில் ஒரு சர்வதேச சம்மேளனத்தை ஸ்தாபித்தன. அது இன்றும் நடைபெற்று வருகிறது. நம் தூத்துக்குடியில் 1906-ஆம் வருஷம் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்திய வரலாறு யாவரும் அறிந்ததே. அத்துறைமுகம் 1974-ஆம் வருஷம் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டு, 2011-ஆம் வருஷம் முதல் அப்பெரியார் பெயரையே தாங்கி நிற்கிறது.

இரும்புப் பெட்டியின் வரவு

முற்காலத்தில் தூத்துக்குடியில் கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்திலேயே நங்கூரமிடும். மூட்டைகளைத் தோணிகளில் ஏற்றிச் சென்று ஒவ்வொன்றாகக் கப்பலில் சேர்ப்பார்கள். இதனால் காலவிரயமும், களவும், மூட்டைகள் நனைந்து கெடுவதும் சகஜமாயிருந்தன. 1956-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ஆம் தேதி, அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்னும் லாரி முதலாளி, 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்கு அருகிலுள்ள நெவார்க் துறையிலிருந்து ஹூஸ்டன் துறைக்கு அனுப்பினார். அன்று முதல் கப்பல் வியாபாரத்தின் போக்கே மாறிவிட்டது. கன்டெய்னர் எனப்படும் இப்பெட்டிகள் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ளவை. தோட்டத்திலோ சிப்பங் கட்டும் சாலையிலோ சரக்கை உள்ளே அடுக்கி முத்திரையிட்டுவிட்டால், லாரி, ரயில், கப்பல் என்று வாகனங்கள் மாறினும் பெட்டியைத் திறக்கவேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

தூத்துக்குடியில் ஏற்றப்படும் பெட்டிகளிற் பல, கொழும்புத் துறையில் இறக்கப்பட்டுப் பெரிய கப்பல்களுக்கு மாற்றப்படுகின்றன. அவ்வாறு மாற்றுமிடத்தில் எத்தனை நாள் காத்திருக்க நேரும் என்பதைக் கம்பெனியாரிடம் கேட்டுக்கொள்வது, அழுகும் பொருள் அனுப்புவோருக்கு மிக முக்கியம். கப்பல் ஓடும் நாட்களை மட்டும் எண்ணி, காத்திருக்கும் நாட்களை விட்டுவிட்டால் கணக்கு முழுவதும் தவறிப்போம்.

முன்னதாகப் பெறவேண்டிய பதிவுகள்

ஏற்றுமதி செய்ய விரும்புவோர் முதலில் இந்திய சர்க்காரின் வெளிநாட்டு வியாபார இலாகாவினிடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் பெற வேண்டும். இதனை வருஷந்தோறும் ஏப்ரல் முதல் ஜூன் முடிய உள்ள காலத்தில் கணினி வழியாகப் புதுப்பித்து உறுதி செய்யாவிடில் அவ்வெண் செயலற்றுப் போகும்; சரக்குத் துறைமுகத்தில் நிற்கும்போது இது தெரியவருவது பெரும் சங்கடம். பழம், காய்கறி, தானியம் முதலியவற்றிற்கு 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட அபேடா ஸ்தாபனத்திலும், மஞ்சள், மிளகு, ஏலம் முதலிய வாசனைப் பொருள்களுக்கு ஸ்பைசஸ் போர்டிலும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது பயிர் சுகாதாரச் சான்று. அனுப்பும் பொருளில் பூச்சியும் நோயும் இல்லை என்று மத்திய சர்க்காரின் பயிர்ப் பாதுகாப்பு இலாகாவினர் பரிசோதித்துக் கொடுப்பது இது. ஒவ்வொரு சரக்கிற்கும் தனித்தனியே பெற வேண்டும்; சென்ற மாதம் வாங்கிய சான்று இம்மாதத்துச் சரக்கிற்குச் செல்லாது. வாங்கும் தேசத்தின் நிபந்தனைகள் தேசத்துக்குத் தேசம் வேறுபடும். ஐரோப்பா முதலிய இடங்களுக்குச் செல்லும் சில கனி, காய்கறி வகைகளுக்குத் தோட்டத்தையே முன்னதாகப் பதிவு செய்து, தெளித்த மருந்துகளின் விவரத்தையும் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

பலர் கவனியாத விஷயம் ஒன்றுண்டு. சரக்கை அடுக்கும் மரச்சட்டங்களும் மரப்பலகைகளும் சர்வதேச விதிப்படி, உட்பகுதி 56 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் 30 நிமிஷம் இருக்குமாறு சூடேற்றப்பட்டோ, அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டோ, அதற்குரிய முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும். முத்திரையில்லாத ஒரு பலகையின் பொருட்டு, குற்றமற்ற பொருள் முழுவதும் அயல்நாட்டுத் துறையில் தடுத்து நிறுத்தப்படலாம்.

குளிர்ப் பெட்டியில் வாழை அனுப்புதல்

உதாரணமாக, தேனி ஜில்லாவிலிருந்து கவெண்டிஷ் இன வாழைக்காய்களை வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவதைக் கவனிப்போம். காய்களை முழுவதும் முற்றவிடாமல், ஏறக்குறைய முக்கால் பங்கு முற்றிய பருவத்தில் தாரை வெட்டி, தரையில் வைத்து நசுங்கவிடாமல் கொண்டுவந்து, சீப்புகளாகப் பிரித்து, பாலைக் கழுவி, ஈரம் வடிந்தபின் காகித அட்டைப் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். வளைகுடாவுக்குப் பெட்டி ஒன்றுக்கு 13 கிலோ வீதம் கட்டுவது வழக்கம். 40 அடிக் குளிர்ப் பெட்டி ஒன்றில் ஏறக்குறைய 20 டன் கொள்ளும்.

வாழைக்கு உகந்த குளிர் 13 முதல் 14 டிகிரி சென்டிகிரேடு. இதற்கு மேல் உஷ்ணம் ஏறினால் வழியிலேயே பழுத்துவிடும். இதற்குக் குறைந்து நெடுநேரம் இருந்தாலோ, தோல் கருகினாற்போல் மங்கி, பின்னர் எவ்வளவு வைத்தாலும் செவ்வையாகப் பழுக்காது. அதிகக் குளிர் அதிக நன்மை என்று எண்ணுதல் தவறு.

குளிர்ப் பெட்டியானது ஏற்கெனவே குளிர்ந்த பொருளின் குளிரைக் காப்பதற்கென அமைந்ததேயன்றி, வெயிலில் காய்ந்த பொருளை விரைவில் குளிர்விக்கும் சக்தி உடையதன்று. ஆகையால் அறுவடையான சில மணி நேரத்துக்குள் குளிர்ச்சாலையில் வைத்துக் காய்களின் உட்சூட்டைத் தணித்த பின்னரே பெட்டியில் ஏற்ற வேண்டும். குளிர்காற்று அடித்தளத்திலுள்ள கால்வாய்களின் வழியே புகுந்து மேல்நோக்கிச் செல்லுவதால், அட்டைப் பெட்டிகளின் துவாரங்கள் மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அடுக்கி, உட்சுவரில் வரைந்துள்ள சிவப்புக் கோட்டிற்கு மேல் ஏற்றாதிருத்தல் வேண்டும். பழுத்துவரும் மாம்பழம் போன்றவற்றை வாழையுடன் கலந்து ஏற்றலாகாது; அவற்றினின்று வெளிப்படும் எத்திலீன் வாயு வாழையையும் பழுக்கச் செய்துவிடும்.

கம்பெனியார் கொண்டுவரும் பெட்டியை ஏற்றுமுன் பரிசோதிப்பது விவசாயியின் உரிமையும் கடமையுமாகும். உள்ளே துர்நாற்றம், ஈரம், ஓட்டை உண்டா, யந்திரம் பரிசோதிக்கப்பட்டதற்குரிய அத்தாட்சி உண்டா, வைத்திருக்கும் உஷ்ண அளவு எழுத்தில் கேட்டதற்குச் சரியாயிருக்கிறதா என்று பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது நலம். பின்னர் விவாதம் நேரின் இப்புகைப்படங்களே சாட்சியாகும்.

துறைமுகத்தில் நடைபெறுவது

சரக்கு அனுப்புவதற்குரிய ஏற்றுமதி விண்ணப்பமாகிய ஷிப்பிங் பில்லைத் தரகர் கணினி மூலம் சுங்க இலாகாவுக்குச் சமர்ப்பிக்கிறார். அதிகாரிகள் பரிசோதித்துத் திருப்தியடைந்து ஏற்றுமதி உத்தரவு அளித்தபின்னரே பெட்டியைக் கப்பலில் ஏற்றலாம். 2016-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல், சரக்கேற்றிய ஒவ்வொரு பெட்டியின் மொத்த எடையையும் நிறுத்து அத்தாட்சி செய்து கப்பல்காரருக்கு அனுப்ப வேண்டுமென்ற சர்வதேச விதி அமலில் இருக்கிறது. எடை பொய்யாகக் கூறப்பட்டால் கப்பலுக்கே அபாயம் என்பதே இதன் காரணம்.

ஒவ்வொரு கப்பலுக்கும் பெட்டிகளை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்நேரம் கடந்து வரும் பெட்டி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும். காத்திருக்கும் நாட்களில் குளிர்ப் பெட்டிக்கு மின்சாரச் செலவும் வாடகையும் ஏறும்; காயின் ஆயுளும் குறையும். ஆகவே அறுவடைத் தேதியைக் கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நிச்சயிக்க வேண்டும்.

கப்பல் ரசீதும் பணமும்

சரக்கு ஏற்றப்பட்டபின் அளிக்கப்படும் பில் ஆப் லேடிங் என்னும் கப்பல் ரசீது மிகவும் மதிப்புள்ள தஸ்தாவேஜு. ஆர்டர் முறையில் எழுதப்பட்ட ரசீதானது சரக்கின் உரிமைப் பத்திரம் போன்றது. அசலைக் கொடுத்தாலன்றி அயல்நாட்டில் சரக்கைப் பெறலாகாது. சாதாரணமாக மூன்று அசல்கள் கொடுக்கப்படும். பணம் வரும்வரையில் இவற்றைத் தம் வசத்திலோ பாங்கியின் வசத்திலோ வைத்திருப்பதே விற்பவருக்குப் பாதுகாப்பு.

கப்பல்காரர் கம்பெனிக்குக் கொடுக்கும் ரசீது வேறு. கம்பெனியார் தம் பெயரில் விவசாயிக்குக் கொடுக்கும் ரசீது வேறு. பின்னதைப் பெறுவோர், அக்கம்பெனி 1993-ஆம் வருஷத்துப் பலவழிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று விசாரித்தறிதல் வேண்டும்.

விமானத்தில் அனுப்பும் சரக்குக்கு அளிக்கப்படும் ரசீது இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது சரக்கை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமேயன்றி உரிமைப் பத்திரமன்று. பெறுநர் என்று எவர் பெயர் எழுதியிருக்கிறதோ அவர், பணம் செலுத்தாமலேயே சரக்கை எடுத்துச் செல்ல இடமுண்டு. முருங்கை, கீரை, வெங்காயம் முதலியவற்றை விமானத்தில் அனுப்புவோர், முன்பணம் பெற்றோ, வாங்குவோரின் பாங்கியினுடைய சம்மதம் பெற்று அப்பாங்கியைப் பெறுநராகக் குறித்தோ அனுப்புவது உசிதம்.

லெட்டர் ஆப் கிரெடிட் என்னும் பாங்கியின் உறுதிப் பத்திரம் பெற்று அனுப்புவதும் நல்ல முறையே. ஆனால் பாங்கியார் சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதங்களையே பார்க்கிறார்கள். பெயரில் எழுத்துப் பிழை, எடையில் வேறுபாடு, குறித்த தேதிக்குப் பின் ஏற்றுதல் ஆகிய காரணங்களால் பணம் நிறுத்தப்படலாம். கம்பெனியார் அனுப்பும் ரசீதின் நகலை அசல் தயாராகுமுன் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாங்குவோர் பணம் தராமல் ஏமாற்றும் அபாயத்துக்கு, 1957-ஆம் வருஷம் முதல் நடைபெற்றுவரும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கார்ப்பரேஷனில் பாலிசி எடுத்துக்கொள்ள வசதியுண்டு.

கூலிக் கணக்கு

கப்பல் கூலி ஒன்றை மட்டும் கேட்டு ஒப்புக்கொள்வது பெருந்தவறு. லாரி வாடகை, துறைமுகக் கையாட்டுக் கூலி, தஸ்தாவேஜுச் செலவு, எண்ணெய் விலைக்காகக் கூட்டும் தொகை, தரகர் கூலி, சேருமிடத்துச் செலவு ஆகியவற்றில் எவை சேர்ந்தன, எவை சேரவில்லை என்று பகுதி பகுதியாக எழுத்தில் பெற வேண்டும். பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்ளும் நாட்கள் எத்தனை, அதற்குமேல் நாளொன்றுக்கு அபராதம் எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

விமானத்தில் எடைக்கும் பருமனுக்கும் எது அதிகமோ அதற்கே கூலி. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் பருமன் எடை கிலோவில் வரும். 60, 40, 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டி ஒன்றின் பருமன் எடை 12 கிலோ. அதில் 8 கிலோ முருங்கைக்காய் வைத்தாலும் 12 கிலோவுக்கே கூலி கொடுக்க வேண்டும். ஆகவே பெட்டியின் அளவைத் திட்டமிடுவதே லாபத்துக்கு வழி. பெட்டி நிரம்பாத சரக்கைப் பிறர் சரக்குடன் சேர்த்துக் கப்பலில் அனுப்பும்போது, ஒரு கன மீட்டரையோ ஒரு டன்னையோ அளவாகக் கொண்டு, எது அதிகமோ அதற்குக் கூலி விதிக்கிறார்கள்.

இன்னொரு கணக்கையும் கவனிக்க. 20 டன் சரக்குக்கு எல்லாச் செலவும் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 15 ரூபாய் ஆகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கழிபட்டால், செலவு முழுவதும் எஞ்சிய 18 டன்னின் மேல் விழுந்து கிலோவுக்கு 16 ரூபாய் 67 பைசா ஆகிவிடும். கழிபட்ட 2 டன்னின் விலையும் போய்விடும். தரம் பிரிப்பதில் காட்டும் சிக்கனம் இவ்வாறு முடிகிறது.

நஷ்டம் யாரைச் சேரும்?

விற்பனை உடன்படிக்கையில் எழுதப்படும் இரண்டொரு எழுத்துக் குறிகளே இதனை நிர்ணயிக்கின்றன. பாரிஸ் நகரிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-ஆம் வருஷம் முதன்முதல் வெளியிட்டு, 2020-ஆம் வருஷத்துப் பதிப்பு வரையில் திருத்திவந்த விதிகள் அவற்றின் பொருளை விளக்குகின்றன. எப்.ஓ.பி. என்றால் சரக்குக் கப்பலில் ஏறும்வரையில் நஷ்டம் விற்பவரைச் சேரும். பெட்டி துறைமுக மைதானத்தில் நிற்கும் நாட்களும் அவர் பொறுப்பே. சி.ஐ.எப். என்றால் சேருமிடம் வரை கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் விற்பவர் கொடுத்தாலும், நஷ்டப் பொறுப்புக் கப்பலில் ஏறியவுடன் வாங்குவோரைச் சேரும். எப்.சி.ஏ. என்றால் சரக்கை ஏற்றிச் செல்வோரிடம் குறித்த இடத்தில் ஒப்புவித்தவுடன் விற்பவர் பொறுப்பு நீங்கும். பெட்டியில் அனுப்பும் பொருளுக்கு இதுவே பொருத்தமானது.

சரக்கு ஏற்றிச் செல்வோரின் பொறுப்பைச் சட்டம் ஒரு வரம்புக்குள் அடக்கியுள்ளமையால், முழு விலையும் அவர்களிடமிருந்து கிடைக்குமென்று நம்பியிருக்கலாகாது; இன்ஷூரன்ஸ் அவசியம். அதிலும் சாதாரணப் பாலிசி தாமதத்தால் உண்டாகும் நஷ்டத்தையும், பொருளின் இயற்கையான கெடுதலையும், மோசமான சிப்பத்தால் வரும் சேதத்தையும் ஏற்பதில்லை. குளிர் யந்திரம் பழுதாவதற்குரிய ஷரத்தைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகளும் கூட்டு முயற்சியும்

ஓரிரு ஏக்கர் உள்ளவரால் 20 டன் பெட்டியை நிரப்ப இயலாது. 2002-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத் திருத்தத்தின்படி உற்பத்தியாளர்கள் கம்பெனியாகச் சேர வழி ஏற்பட்டிருக்கிறது. ஒரே இனத்தை ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் அறுத்து, ஒரே குறியீட்டில் அனுப்பும் கிராமம், சரக்கு அனுப்பும் கம்பெனியாரிடம் கூலி பேசுவதிலும் பலம் பெறும்.

கிராம அதிகாரிகளின் உதவி இதில் பெரிது. தோட்டப் பதிவுக்குச் சிட்டாவும் அடங்கல் நகலும் வேண்டும்; அடங்கலில் பயிரின் பெயரும் பரப்பும் உள்ளபடி எழுதப்பட்டிருந்தாலன்றிப் பதிவு தடைப்படும். குளிர்ப் பெட்டியைத் தாங்கிய லாரி தரையிலிருந்து ஏறக்குறைய 14 அடி உயரம் இருக்கும். தாழ்ந்த மின்கம்பிகளையும் மரக்கிளைகளையும், குறுகிய வளைவுகளையும், பலங்குறைந்த பாலங்களையும் அறுவடைக்கு முன்னரே பார்வையிட்டு உரிய இலாகாக்களுக்குத் தெரிவித்தல், ஒரு பருவத்து விளைவைக் காப்பாற்றும் காரியமாகும்.

நமக்கும் ஐக்கிய அரபு நாடுகளுக்கும் இடையே 2022-ஆம் வருஷம் மே மாதம் 1-ஆம் தேதி முதல் அமலிலுள்ள உடன்படிக்கை போன்றவற்றால், குறித்த பொருள்களுக்கு அந்நாட்டுச் சுங்க வரி குறைகிறது. இச்சலுகையைப் பெற, பொருள் நம் நாட்டில் விளைந்ததென்னும் உற்பத்திச் சான்றைச் சரக்குடன் அனுப்ப வேண்டும். இதனைக் கம்பெனியார் தாமாகவே செய்வார்களென்று இராமல் கேட்டுப் பெறுக.

ஆகவே, நேராக ஏற்றுமதி செய்ய எண்ணும் விவசாயிகள் முதலில் இரண்டு மூன்று கம்பெனிகளிடம் எழுத்தில் கூலி விவரம் பெற்று ஒப்பிட்டு, அவர்களுடைய லைசென்ஸையும் பதிவையும் பார்த்து, அதே பொருளை அதே தேசத்துக்கு அனுப்பிய பழக்கம் அவர்களுக்கு உண்டா என்று விசாரித்து, சிறிய சரக்கு ஒன்றை அனுப்பிப் பரீக்ஷித்த பின்னரே பெரிய அளவில் இறங்குதல் நலம். கம்பெனியார் வழி காட்டுவர், காகிதம் எழுதுவர், பெட்டியைச் சேர்ப்பர். பொருளின் தரத்துக்கும், உடன்படிக்கையின் வாசகத்துக்கும் பொறுப்பாளி விவசாயியே. இவ்விரண்டையும் தம் கையில் வைத்துக்கொள்வோர் இவ்வியாபாரத்தில் பெரும்பாலான நஷ்டங்களைத் தவிர்த்துக்கொள்ளலாம்.